சிறகை அசைக்கும் சின்னஞ்சிறு கருவி
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, அறிவியல் மன்றத்தின் சார்பில்)

வானில் வட்டமிடும் பருந்தைப் பார்த்திராத மாணவி நம் பள்ளியில் ஒருத்தியும் இருக்க மாட்டாள். அது சிறகடிக்காமலே வெகு நேரம் மிதக்கிறது. நாமும் வகுப்பறைச் சன்னல் வழியே வெகு நேரம் பார்க்கிறோம், ஆசிரியை நம் பெயரைச் சொல்லி அழைக்கும் வரையில். சும்மா மிதப்பதாகத் தோன்றும் அந்தப் பருந்து உண்மையில் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. வாலைச் சற்றே திருகும். ஒரு சிறகின் நுனியை உயர்த்தும். மறு சிறகைத் தாழ்த்தும். அந்தச் சிறு அசைவுகள் இல்லையேல் அது தலைகுப்புற விழும்.

கிளைடர் எனப்படும் சறுக்கு விமானமும் அத்தகையதே. அதற்கு என்ஜின் இல்லை. மலைச்சரிவில் இறங்கும் சைக்கிளைப் போல, தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்துத் தூரத்தைச் சம்பாதிக்கிறது. என்ஜின் உள்ள விமானம் தவறான பாதையில் போனால் விசையைக் கூட்டி மறுபடி மேலே ஏறலாம். கிளைடருக்கு அந்தச் சலுகை கிடையாது. தரையிறங்க ஒரே ஒரு வாய்ப்புத்தான். ஆகவே அதன் கட்டுப்பாட்டுப் பரப்புகள், அதாவது சிறகின் பின்விளிம்பிலும் வாலிலும் கீல் வைத்துப் பொருத்தப்பட்ட அசையும் பலகைகள், சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும்.

எங்கள் அறிவியல் மன்றத்திற்கு முன்னாள் மாணவியான ஓர் அக்கா பால்சா மரத்தாலான கிளைடர் ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். சிறகின் நீளம் நுனிக்கு நுனி 2 மீட்டர். எல்லாம் பொருத்திய பின் எடை 900 கிராம். சிறகில் நான்கு சர்வோக்கள், வாலுக்கு இரண்டு. அதைப் பறக்கவிட அனுமதி கேட்டு நாங்கள் தலைமையாசிரியை சிஸ்டரிடம் சென்றபோது, அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாடும் மைதானம் அது. இந்த விமானம் உங்கள் சொல்லைக் கேட்கும் என்பதற்கு என்ன உறுதி?”

கேள்வி நியாயமானது. 900 கிராம் எடையுள்ள பொருள் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் 45 ஜூல். ஒன்றரைக் கிலோ எடையுள்ள முழுத் தேங்காய் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆற்றலோ, ஏறக்குறைய அதே. பால்சா மரம் இலேசாயிற்றே என்று அலட்சியமாக இருக்க முடியாது. தரையிலேயே எல்லாவற்றையும் சோதித்துக் காட்டுகிறோம், அதன் பிறகு அனுமதி தாருங்கள் என்று சொல்லி வந்தோம். அப்படிச் சோதிக்கும்போது நாங்கள் கற்றவையே இக்கட்டுரை.

முதலில் சற்று வரலாறு. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ லிலியந்தால் என்பவர் 1891 முதல் தாமே செய்த கிளைடர்களில் தொங்கியபடி பறந்தார். அவற்றில் அசையும் பலகைகளைக் கொண்டு திருப்பும் முறை இல்லை. உடலை இப்படியும் அப்படியும் ஆட்டி, எடையை இடம் மாற்றித்தான் அவர் திருப்பினார். 1896 ஆகஸ்டில் காற்று தூக்கியடிக்க, விழுந்து மாண்டார். எடையை ஆட்டினால் மட்டும் போதாது என்பதை உணர்ந்தவர்கள் அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள். 1900 முதல் 1902 வரை கிட்டி ஹாக் மணற்பரப்பில் அவர்கள் பறக்கவிட்டவை யாவும் கிளைடர்களே. சிறகின் நுனியையே கயிறுகளால் முறுக்கித் திருப்பினார்கள். ஆனால் சிறகை முறுக்கியதும் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பிற்று. 1902-இல் அசையும் சுக்கான் ஒன்றை வாலில் வைத்து அச்சிக்கலைத் தீர்த்தார்கள். அந்தச் சிக்கல் இன்றும் எங்கள் கிளைடரிலும் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம். (இச்சகோதரர்களுக்குக் கேதரின் என்றொரு தங்கை இருந்தார். இலத்தீன் ஆசிரியை. அண்ணன்மாருக்குப் பெருந்துணையாக இருந்தவர். நம் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம்.)

சிறகை முறுக்குவதற்குப் பதிலாகப் பின்விளிம்பில் சிறு பலகை வைக்கும் முறை விரைவிலேயே வந்தது. அப்பலகைக்கு எய்லரான் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் ‘சின்னச் சிறகு’ என்று பொருள். எங்கள் கிளைடரில் சிறகின் நுனிப்பக்கம் எய்லரான்களும், உடலை ஒட்டி பிளாப்புகளும் இருக்கின்றன. எய்லரான் சாய்த்துத் திருப்புவதற்கு. பிளாப் வேகத்தைக் குறைப்பதற்கு.

இவற்றை அசைப்பதுதான் சர்வோ. தீப்பெட்டியைவிடச் சிறியது. ஒவ்வொன்றும் 9 கிராம். உள்ளே ஒரு சிறு மோட்டார், சில பற்சக்கரங்கள், தன் கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளந்து சொல்லும் ஒரு மின்தடை, இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு மின்சுற்று ஆகியவை உள்ளன. வெளியே மூன்று கம்பிகள். ஒன்று நேர்மின், ஒன்று எதிர்மின், மூன்றாவது கட்டளை. கட்டளை என்பது விநாடிக்கு 50 தடவை வரும் ஒரு மின்துடிப்பு. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒன்றரைக் கூறு அளவு துடிப்பு நீடித்தால் சர்வோவின் கை நடுவில் நிற்கும். ஒரு கூறாகக் குறைந்தால் ஒரு பக்கம், இரண்டு கூறாகக் கூடினால் மறுபக்கம் திரும்பும். யாராவது கையைப் பிடித்துத் தள்ளினால், மின்தடை அதைக் கண்டு சொல்ல, மோட்டார் எதிர்த்துத் தள்ளி மீண்டும் பழைய இடத்திற்கே கொண்டுவரும். நம் விடுதி வார்டன் அக்காவைப் போல என்று தோழி ஒருத்தி சொன்னாள். அவள் பெயரை வெளியிட மாட்டோம்.

சிறகில் பொருத்துமுன் ஒவ்வொரு சர்வோவையும் மேசைமேல் சோதிக்க வேண்டும். வாங்கிய ஆறில் ஒன்று, கை நின்ற பிறகும் தேனீ போல் இரைந்துகொண்டே இருந்தது. கையை இலேசாகத் திருப்பினால் பற்சக்கரத்தில் ஒரிடத்தில் தடுக்கிற்று. அதைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டோம். சிறகுக்குள் ஒட்டிய பிறகு இது தெரிந்திருந்தால் மரத்தை அறுக்க நேர்ந்திருக்கும்.

அடுத்து, கையை மாட்டுதல். இதில்தான் பொறுமை வேண்டும். முதலில் டிரான்ஸ்மிட்டரில் உள்ள எல்லா டிரிம்களையும் பூஜ்யத்தில் வைத்து, சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, அது தானாக நடுநிலைக்கு வந்த பின்னரே கையை மாட்ட வேண்டும். கை, தள்ளுகம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆனால் சர்வோவின் அச்சில் 25 பற்கள் இருக்கின்றன. ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 பாகை மாறிவிடும். சரியான செங்கோணம் எப்படிக் கிடைக்கும்? பெட்டியில் வரும் நான்கு கை கொண்ட சிலுவை வடிவத் துண்டு இதற்கு உதவுகிறது. 90-ஐ 14.4-ஆல் வகுத்தால் 6.25 வருகிறது, முழு எண் அன்று. ஆகவே நான்கு கைகளும் பற்களோடு நான்கு வெவ்வேறு விதமாகப் பொருந்துகின்றன. ஒவ்வொரு கையாகப் போட்டுப் பார்த்தால் 3.6 பாகை இடைவெளியில் தெரிவு கிடைக்கும், எப்படியும் 1.8 பாகைக்கு மேல் பிசகாது. பொருந்திய கையை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் நறுக்கிவிட்டோம். மீதியுள்ள சிறு பிசகை மட்டும் டிரான்ஸ்மிட்டர் கொண்டு திருத்தலாம்.

இனி முக்கியமான பகுதி. சர்வோவின் கையிலும் பல துளைகள் உண்டு. எய்லரானில் ஒட்டும் கொம்பிலும் பல துளைகள் உண்டு. எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குக் கம்பி போடுவது?

கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியருகே ஒரு விரலால் தள்ளினாலும் திறக்கும். கீலை ஒட்டித் தள்ளினால் இரு கைகளாலும் முடியாது. எய்லரானும் ஒரு கதவே. ஆகையால் கொம்பில் கீலுக்கு எவ்வளவு தூரமான துளையோ அவ்வளவு நல்லது. சர்வோவின் கையிலோ அச்சுக்கு அருகே உள்ள துளை நல்லது. அப்போது சர்வோ நிறையச் சுழன்று பலகையைக் கொஞ்சமாக அசைக்கும். அதனால் பலம் கூடும்.

நாங்கள் எய்லரானுக்கு அச்சிலிருந்து 8 மி.மீ. உள்ள துளையையும், கொம்பில் கீலிலிருந்து 14 மி.மீ. உள்ள துளையையும் எடுத்துக்கொண்டோம். சர்வோ 45 பாகை சுழன்றால் கம்பி நகரும் தூரம் 8 × சைன் 45, அதாவது 5.66 மி.மீ. இதை 14-ஆல் வகுத்தால் 0.404. சைன் 0.404 ஆக உள்ள கோணம் ஏறக்குறைய 24 பாகை. எய்லரானின் அகலம் 45 மி.மீ. ஆதலால் அதன் பின்விளிம்பு சுமார் 18 மி.மீ. உயரும். காகிதத்தில் போட்ட கணக்கை அளவுகோல் வைத்துச் சரிபார்த்தோம், 18 மி.மீ.தான்! முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் தங்கைமார் இந்தப் பத்தியை மறுமுறை படிக்கவும்.

நீளமான கையை மாட்டிவிட்டு, டிரான்ஸ்மிட்டரில் அசைவைக் குறைத்துக்கொண்டால் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். பார்வைக்கு அசைவு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே குறை இருக்கும். எந்தச் சர்வோவின் பற்களிலும், கம்பி நுழையும் துளையிலும் நூலிழையளவு ஆட்டம் உண்டு. கம்பியில் கால் மி.மீ. ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். கொம்பு 14 மி.மீ. என்றால் எய்லரானின் பின்விளிம்பில் அது 0.8 மி.மீ. ஆகிறது. கொம்பு 6 மி.மீ. மட்டுமே என்றால் 1.9 மி.மீ. ஆகிவிடும். டிரான்ஸ்மிட்டரில் என்ன மாற்றினாலும் இந்த ஆட்டம் குறையாது. கட்டளை இல்லாமலே இரண்டு மி.மீ. மேலும் கீழும் அசையும் பலகை, வேகமாகப் பறக்கையில் கொடியில் காயும் துணி போலப் படபடக்கத் தொடங்கலாம். விமானவியலில் இதை பிளட்டர் என்கிறார்கள். தொடங்கிவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் கீலைப் பிய்க்கும், சர்வோவின் பல்லை உடைக்கும், சிறகையே முறிக்கும். பெரிய விமானங்களையும் விட்டுவைக்காத நோய் இது.

ஆட்டம் எவ்வளவு ஆகாதோ, இறுக்கமும் அவ்வளவு ஆகாது. கீல் இறுகியிருந்தாலும் கம்பி எங்கேனும் மரத்தில் உரசினாலும், சர்வோ தன் இடத்தை அடைய முடியாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். மின்கலம் விரைவில் தீரும். கம்பியைக் கழற்றிவிட்டுச் சிறகைச் சாய்த்தால், பலகை தன் எடையிலேயே தொங்க வேண்டும். அப்படித் தொங்கினால் கீல் நன்று. நாங்கள் கீலுக்கு ஒட்டு நாடாவையே பயன்படுத்தினோம். பலகையை முழுதும் மடக்கி வைத்துக்கொண்டு ஒட்டினால் இறுகாது.

கொம்பின் துளை கீல் கோட்டுக்கு நேர் கீழே இருக்க வேண்டும் என்பதும் மறக்கக்கூடாதது. முன்னோ பின்னோ தள்ளியிருந்தால் பலகை மேலே ஓர் அளவும் கீழே வேறோர் அளவும் நகரும். அதுவும் இரு சிறகிலும் ஒன்றுபோல இராது.

பிளாப் விஷயம் வேறு. எய்லரான் மேலும் கீழும் போக வேண்டும். பிளாப்போ மேலே கொஞ்சம் போனால் போதும். கீழே நிறையப் போக வேண்டும். எனவே இங்கே செங்கோண விதியை வேண்டுமென்றே மீற வேண்டும். பிளாப் நேராக நிற்கும்போது சர்வோவின் கை பிளாப் பக்கமாக 30 பாகை சாய்ந்திருக்குமாறு கம்பியின் நீளத்தை வைத்தோம். பிளாப் இறங்கும்போது கை முன்னோக்கிச் சுழன்று கம்பியை இழுக்கும். கையின் நீளம் 10 மி.மீ., கொம்பு 13 மி.மீ. கம்பி முன்னே வரும் தூரம் 10 × (சைன் 30 + சைன் 45), அதாவது 12.07 மி.மீ. கம்பியின் சிறு சாய்வை விட்டுவிட்டுப் பார்த்தால் பிளாப் ஏறக்குறைய 68 பாகை இறங்கும், 9 பாகை ஏறும். எங்களுக்கு வேண்டியது இதுவே. பதினொன்றாம் வகுப்பு அக்காமார் இக்கணக்கைப் பார்த்து, கம்பியின் சாய்வையும் சேர்த்துப் போடும்படி சொன்னார்கள். அதை அவர்களே போட்டுத் தருவதாகவும் சொன்னார்கள். காத்திருக்கிறோம்.

சர்வோவைச் சிறகில் ஒட்டும்போது நேரே பசை பூசலாகாது. சர்வோவைச் சுற்றிக் காகித நாடாவை இறுகச் சுற்றி, அந்நாடாவின் மேல் பசை வைத்தால், பழுதானபோது நாடாவை வெட்டிச் சர்வோவை முழுதாக எடுத்துவிடலாம். சிறகின் உள்ளே கம்பியை இழுப்பது எப்படி என்று வெகு நேரம் யோசித்தோம். தீர்வு தையல் வகுப்பிலிருந்து வந்தது. நூலின் முனையில் ஒரு பாசிமணியைக் கட்டி, சிறகைச் செங்குத்தாகப் பிடித்து உலுக்கினால், மணி துளை துளையாக இறங்கி மறுமுனைக்கு வந்துவிடும். அந்த நூலில் கம்பியைக் கட்டி இழுத்தோம்.

இப்போது ரைட் சகோதரர்களின் சிக்கலுக்கு வருவோம். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வல எய்லரான் உயர, இட எய்லரான் தாழும். தாழ்ந்த பக்கம் தூக்குவிசை கூடும். கூடவே காற்றின் இழுவையும் கூடும். ஆகவே இடச் சிறகு பின்னே இழுக்கப்பட்டு, மூக்கு இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். நாம் வலம் போகச் சொன்னால் அது இடத்தைப் பார்க்கிறது! கிளைடரின் சிறகு நீளமானதால் இத்தொல்லை அதிகம். மருந்து எளிது. எய்லரான் மேலே போகும் அளவில் பாதி மட்டும் கீழே போகுமாறு டிரான்ஸ்மிட்டரில் அமைக்க வேண்டும். எங்களுடையது மேலே 18 மி.மீ., கீழே 9 மி.மீ. இதற்காகவே ஒவ்வொரு சர்வோவுக்கும் தனித்தனி வழி கொடுத்தோம். கூடவே சிறிது சுக்கானும் சேர்ந்து திரும்புமாறு வைத்தோம்.

தரையிறங்கும்போது இரு பிளாப்புகளும் இறங்க, இரு எய்லரான்களும் சற்று உயரும். இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் காக்கை என்று பெயர். மதிற்சுவரில் காக்கை வந்து உட்காரும்போது கவனித்தால் பெயரின் பொருத்தம் தெரியும். பிளாப் இறங்கியதும் மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். அதற்கு ஈடாக எலிவேட்டர் 2 மி.மீ. தாழுமாறு சேர்த்திருக்கிறோம். அந்த 2 மி.மீ. சரிதானா என்பதை நல்ல உயரத்தில் பார்க்க வேண்டுமேயன்றித் தரையருகே பார்க்கலாகாது.

சிஸ்டருக்குச் சோதித்துக் காட்டிய நாளன்று நாங்கள் செய்தது இது. முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு ரிசீவர் என்ற வரிசையில் மின்சாரம் கொடுத்தோம். விமானத்தின் பின்னால் நின்று, ஒருத்தி குச்சியை வலப்பக்கம் தள்ள, மற்றொருத்தி “வலது மேலே, இடது கீழே” என்று உரக்கச் சொன்னாள். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் திசை மாறி அமைக்கப்பட்ட எய்லரானோடு எறியப்பட்ட விமானத்தை எந்தக் கைத்திறனும் காப்பாற்றாது. எலிவேட்டர், சுக்கான், பிளாப் எல்லாவற்றிற்கும் இவ்வாறே. பின் டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து வைத்து, 30 அடி எடுத்துவைத்து விலகி நின்று பார்த்தோம். சர்வோக்கள் தயங்கவில்லை. கடைசியாக, டிரான்ஸ்மிட்டரை வேண்டுமென்றே அணைத்தோம். தொடர்பு அறுந்ததும் பிளாப்புகள் தாமாக இறங்கின. இதை நாங்கள் முன்பே அமைத்திருந்தோம். கட்டளை கிடைக்காத விமானம் வேகமாக ஓடாமல் மெதுவாக அருகிலேயே இறங்கட்டும் என்பதற்காக. “தலைவர் இல்லாவிட்டாலும் வகுப்பு ஒழுங்காக இருக்கிறது” என்றார்கள் சிஸ்டர். அனுமதி கிடைத்தது, இரண்டு நிபந்தனைகளோடு: பள்ளி விடுமுறை நாளில் மட்டும், மைதானத்தில் சிறு பிள்ளைகள் எவரும் இல்லாதபோது மட்டும்.

ஆடியில் எங்கள் ஊரில் வீசும் மேல்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், கிளைடர் எம்மாத்திரம்? தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை 7 மணிக்கு, புல்லின்மேல் கையால் எறிந்தோம். முதல் எறிதலில் விமானம் இலேசாக இடப்பக்கம் சாய்ந்தது. டிரிமை மூன்று சொடுக்கு வலப்பக்கம் நகர்த்தினோம். இரண்டாவது எறிதலில் நேராகப் போய் 40 அடிக்கு அப்பால் வயிறு தேய இறங்கிற்று. ஆனால் டிரிமை அப்படியே விட்டுவிடவில்லை. எய்லரானின் தள்ளுகம்பி முனையை அரைச் சுற்றுத் திருகி, டிரிமைப் பூஜ்யத்திற்குத் திரும்பக் கொண்டுவந்தோம். இல்லையேல் அடுத்து எடுப்பவர்களுக்கு எது நடுநிலை என்பதே தெரியாமற் போகும்.

எல்லா அளவுகளும் இயற்பியல் ஆய்வகத்து அலமாரியில், நீல அட்டை போட்ட நோட்டில் இருக்கின்றன. வரும் ஆண்டு பொறுப்பேற்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் முதலில் இடப்பக்கப் பிளாப்பின் கீல் நாடாவை மாற்ற வேண்டும்; அது ஓர் ஓரத்தில் உரியத் தொடங்கியிருக்கிறது.